வெள்ளக்கோவிலிலிருந்து மணல்மேட்டுக்கு

வெள்ளி

செப்டம்பர் பின்பாதியில் ஓரிகான் போகிறோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில் ஆரம்பித்து தெற்கே கூஸ் பே வரைக்கும், கடலை ஒட்டியே ஏறக்குறைய 65 கிலோமீட்டருக்கு மணல்மேடுகள் கிடக்கின்றன. வட அமெரிக்காவில் கடலோர மணல்மேடு இத்தனை பரப்பில் வேறெங்கும் இல்லை. சில மேடுகளின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் வரை உயரும். அதில் ஏடிவி, அதாவது பலூன் மாதிரி டயர் போட்ட நாலு சக்கர பைக் ஓட்டப்போகிறோம். போகிற மூணு பேரில் ஒருத்தரும் இதற்கு முன் மணலில் வண்டி ஓட்டியவர் இல்லை.

மூணு பேர் என்றால் நான், வீட்டுக்காரம்மா, காங்கேயத்தில் ஹாலோ பிளாக் போடுகிற என் மச்சினன். போர்ட்லாண்ட் பக்கத்தில் வேலை பார்க்கிற அக்கா மகன் அங்கே எங்களோடு சேர்ந்துகொள்வான். விசா கைக்கு வந்துவிட்டது. டிக்கெட் இன்னும் போடவில்லை. அதற்குள் இந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஊராகச் சுற்றி, எதற்கெல்லாம் தயாராக வேண்டுமோ அதைப் பார்த்துவிடுவதாகத் திட்டம். பார்த்ததை அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

"மணல் வேணும்னா தேரிக்காடு இருக்குதே, அமெரிக்கா எதுக்கு?" என்று மில்லுக்கு வந்த நெல் வியாபாரி கேட்டார். நியாயமான கேள்விதான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு அது தோன்றாமல் இருக்காது. ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே வண்டி விட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கையும் மணல்மேடுகளைக் கண்டிப்பான பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில்தான் வைத்திருக்கிறது. கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ரீல்ஸுக்காக வண்டியை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஓரிகானிலும் எல்லா மேட்டிலும் ஓட்ட விடுவதில்லை. வண்டிக்கென்று ஒதுக்கிய பகுதிகள் தனி, கால்நடையாக மட்டும் போகிற பகுதிகள் தனி. 1972இலேயே அதைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்து, வனத்துறையிடம் கொடுத்துக் கோடு கிழித்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்த எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி எத்தனை சிசி?" மணல் எப்படி இருக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

சனி

வெள்ளென ஆறு மணிக்கு அக்கா மகனைப் போனில் பிடித்தோம். இங்கே சனி காலை ஆறு என்றால் அவனுக்கு வெள்ளி சாயங்காலம் அஞ்சரை. மச்சினன் களத்தில் எம்-சாண்ட் குவியல் பக்கத்தில் நின்றுதான் பேசினோம். அவனே அப்படிக் கேட்டிருந்தான்.

"மாமா, குவியல்ல மேல காஞ்ச மணலா பாத்து ஒரு கூடை அள்ளி உச்சியில இருந்து மெதுவா கொட்டுங்க."

மச்சினன் கொட்டினார். மணல் கொஞ்சம் நின்றது, பிறகு ஒரு பட்டையாக வழுக்கி அடிவாரத்தில் போய் நின்றது. மறுபடி கொட்டினால் மறுபடி அதே சாய்வு. எவ்வளவு கொட்டினாலும் அதைவிடச் செங்குத்தாக நிற்க மாட்டேன் என்கிறது. செல்போனைப் பலகையில் வைத்துச் சரிவில் சாய்த்து அளந்தால் 34க்கும் 36க்கும் நடுவில் ஆடியது. உடைத்த கல்லில் வந்த எம்-சாண்ட் முனை முனையாக இருப்பதால் கொஞ்சம் கூடப் பிடிக்கும். காற்றில் உருண்டு வந்த மேட்டு மணல் 34 பாகைக்கு மேல் நிற்காது.

"அதுதானுங்க மாமா மொத்த விசயமும்," என்றான். காற்று வருகிற பக்கம் மேடு சாய்வாக, ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும். உச்சியைத் தாண்டிய மணல் மறுபக்கம் விழுந்து விழுந்து, இந்தக் குவியல் காட்டுகிற சாய்வில் நின்றுவிடும். சுகமான பக்கத்தில் வேகமாக ஏறி வருகிறவனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உச்சி வரைக்கும் தெரியாது. "அங்க எல்லாரும் மேல ஏறறதப் பத்தியேதான் பேசுவாங்க. ஆளு விழுகறது ஏறி முடிச்சப்பறமுங்க."

அவன் சொன்னபடி நாங்கள் குறித்துக்கொண்டது: ஏறும்போது பாதியில் ஆக்சிலரேட்டரை விடக்கூடாது. விட்டால் டயர் புதைந்துவிடும். வண்டி திணறுகிறது, உச்சிக்குப் போகாது என்று தெரிந்தால், நிற்பதற்கு முன்னாலேயே அகலமாக வளைத்துக் கீழே திருப்பிவிட வேண்டும். உச்சி நெருங்கினால் வேகத்தைக் குறைத்து, உச்சிக்கோட்டை ஒட்டிச் சாய்வாக வந்து எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இறங்குகிறோம் என்று முடிவுசெய்தால் மூக்கு நேராகக் கீழே. உடம்பைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கைத் தொடாமல், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து. வண்டி குறுக்காகத் திரும்பினால் உருளும்.

மச்சினனுக்கு ஒரு சந்தேகம். "ஏனுங் மாப்ள, எந்தப் பக்கம் செங்குத்துன்னு தூரத்துல இருந்தே கண்டுபுடிக்க முடியாதுங்களா?"

முடியும். கோடையில் அங்கே காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது, அதனால் குறுக்கு மேடுகளின் செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் தென்கிழக்கு பார்த்து இருக்கும். மழைக்காலத்தில் தென்மேற்கிலிருந்து புயல் காற்று வந்து அதையே கலைத்துவிடும். மணலை மேய்க்கிறது காற்று என்று அக்கா மகன் சொன்னான். வெயிலோடு காற்றையும் பார்த்து வளர்ந்த நம்ம ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். ஆடி மாசக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்து களத்து மணலைக் கிழக்கே தள்ளுவதால், மச்சினன் தினமும் கிழக்குப் பக்கம் வேலியோரம் மணலை வாரிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். குவியலின் மேற்குப் பக்கம் காற்றில் படிந்து கிடந்தது, கிழக்குப் பக்கம் சரிந்து நின்றது. அவர் தினமும் பார்க்கிற குவியலை இன்றைக்குத்தான் நின்று பார்த்தார்.

ஞாயிறு

ஆனைமலைப் பக்கத்தில் மட்டை மில் வைத்திருக்கிற பங்காளி ஒருத்தர் தோட்டம் சுற்ற ஒரு சின்ன ஏடிவி வாங்கி வைத்திருக்கிறார். 125 சிசி, கிளட்ச் கிடையாது. ஞாயிறு மில் லீவு, களம் காலி என்பதால் வரச் சொல்லியிருந்தார். தாராபுரம், உடுமலை வழியாகப் போனோம். உடுமலை ரோட்டில் இரண்டு பக்கமும் காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இறங்கி நின்று கண்ணாடி இல்லாமல் மேற்கே பார்த்தேன், கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. காதுவரை இறுக்கமாக மூடுகிற காகிள்ஸ் வேண்டும் என்று அங்கேயே முடிவு.

மட்டை மில் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற தவிட்டு நிறத் தூளை, பித் என்பார்கள், களத்தில் பரப்பிக் காயவைத்து, அஞ்சு கிலோ கட்டிகளாக அமுக்கி வெளிநாட்டு நர்சரிகளுக்கு அனுப்புகிறார்கள். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் இந்தக் களம்தான். காய்ந்த பித்தில் நடந்தால் கால் கணுக்கால் வரை இறங்குகிறது, தூக்கினால் குழி தானாக மூடிக்கொள்கிறது. மணலைவிட இது எவ்வளவோ லேசு, அதனால் இங்கே கற்றது அப்படியே அங்கே செல்லாது. ஆனாலும் கால் கீழே பிடிப்பில்லாத இடத்தில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஆனைமலையில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் நான் ஏறினேன். பைக்கில் மணிக்கட்டைத் திருகிப் பழகிய கைக்கு இங்கே வேலை இல்லை. வலது கைப்பிடியின் கீழே ஒரு சின்ன நாக்கு, அதைக் கட்டைவிரலால் தள்ளுவதுதான் ஆக்சிலரேட்டர். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் வண்டி பாயாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது திருப்புவது. பைக் என்றால் சாய்த்தால் திரும்பும். இது சாயாது. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் கோத்தது, உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வளைவில் நேராகவே போகப் பார்க்கிறது. உடம்பை வளைவின் உள்பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளினால்தான் மூக்கு கேட்கிறது. நிற்கிற மாதிரி பாதி எழுந்து, முழங்காலை மடக்கி, பித்தின் மேடு பள்ளத்தைக் காலில் வாங்கிக்கொண்டால் வண்டி தன்பாட்டுக்குப் போகிறது.

எனக்கும் மச்சினனுக்கும் கால்தான் தொல்லை. பைக் லேசாகச் சாய்ந்தால் கால் தானாகக் கீழே போகும், அது யோசித்துச் செய்வதில்லை. இங்கே அந்தக் காலைக் கீழே விட்டால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். பங்காளி வேலியோரம் நின்று, "கால்! கால்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரம்மாவுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. பைக் பழகாதவர், தோட்டத்தில் மினி டிராக்டர் ஓட்டுகிறவர். டிராக்டரில் யாரும் காலை ஊன்றுவதில்லை. ஏறி உட்கார்ந்தார், கட்டைவிரலைத் தள்ளினார், களத்தைச் சுற்றி வந்தார், பித் குவியலில் ஏறி, உச்சியில் நிறுத்தி எட்டிப் பார்த்து, நேராக இறங்கினார். சனிக்கிழமை போனில் கேட்டதை அப்படியே செய்தது அவர் மட்டும்தான்.

"பாத்தீங்களா மாமா, அக்கா அலுங்காம எறங்குது," என்றார் மச்சினன். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் பங்காளியின் கேள்வி: "ஆட்டோ மாதிரி மூணு சக்கரம் வச்சா திருப்பறது சுலபமில்லீங்களாண்ணா?" வைத்தார்கள். 1970இல் ஹோண்டா முதலில் விட்டதே மூணு சக்கர வண்டிதான். முன்னால் ஒரு சக்கரம் இருந்தால் வளைவில் கவிழ்கிறது. நிறையப் பேர் அடிபட்டு, செத்து, கடைசியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட்டு, 1988இல் கம்பெனிகள் மூணு சக்கர வண்டி விற்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. அதற்குள் சுசுகி நாலு சக்கரத்துக்கு வந்திருந்தது. நாலு சக்கரம் என்பதால் கவிழாது என்று பொருள் இல்லை. பின்னால் ஒருத்தரை ஏற்றினால் எடை பின்னுக்குப் போய், ஏற்றத்தில் மல்லாந்துவிடும். ஒற்றை சீட் வண்டி என்றால் ஒருத்தர்தான். தம்பதியாக ஒரே வண்டியில் போகலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு போயிற்று. வீட்டுக்காரம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

திங்கள்

மில்லில் வேலை. பொழுதோட வீட்டுக்கு வந்து பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தேன். ஓரிகானில் அரசு நிலத்தில் ஏடிவி ஓட்ட அந்த மாநிலத்தின் பாதுகாப்புக் கல்வி அட்டை வேண்டும். ஆன்லைனில் இலவசமாகவே படித்து எழுதலாம். வாடகை வண்டிக்கு என்ன கேட்பார்கள் என்பதை அக்கா மகன் விசாரிக்கட்டும், வகுப்பை எப்படியும் முடித்துவிடுவது என்று இருக்கிறோம்.

மணலில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நெகிழ்கம்பியில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி கட்டாயம், தரையிலிருந்து குறைந்தது 9 அடி உயரம். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது, அதன் கொடி முதலில் தெரியும். சத்தம் 93 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. மணல் பகுதியில் மது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதை நான் வாய்விட்டு வாசித்தபோது மச்சினன் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

செவ்வாய்

திருப்பூர், பிறகு கோவை.

மணல் என்றதும் நமக்கு வெயில் ஞாபகம் வரும். அங்கே செப்டம்பரில் கடலோரம் பகலிலேயே 18 பாகை சுற்றி, காற்று வேறு, காலையில் மூடுபனி. பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இறக்கிவிடும். பனியன் ஊர்க்காரன் இப்படி எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் ஏறி இறங்கி, பாலியெஸ்டர் முழுக்கைப் பனியன், மேலே போட மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் எடுத்தோம். இதே ஊரில் தைத்துக் கடல் தாண்டிப் போகிற சரக்கு, அளவுப் பட்டையில் இன்னும் அமெரிக்க சைஸ். மச்சினனுக்கு லார்ஜ் என்று எழுதியது இரண்டு பேர் நுழைகிற அளவு இருந்தது, மீடியம் எடுத்தோம்.

ஹெல்மெட் இங்கே வாங்கவில்லை. நம்முடையதில் இருப்பது ஐஎஸ்ஐ முத்திரை, அவர்கள் பார்ப்பது தங்கள் போக்குவரத்துத் துறையின் முத்திரை. வண்டியோடு வாடகைக்கே கிடைக்கும். காகிள்ஸ், கையுறை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோவது. கணுக்காலை மூடுகிற பூட்ஸ் கிராஸ் கட் ரோட்டில் கிடைத்தது.

இன்சூரன்ஸ்தான் இன்றைக்குத் தலைவலி. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு போட உட்கார்ந்த இடத்தில், "எல்லாமே கவர் ஆகுமுங்க, கவலைப்படாதீங்க" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். பாலிசியின் விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் சாகச விளையாட்டுகள் எதற்கும் பணம் கிடையாது என்று இருக்கிறது. காட்டிக் கேட்டால், "ஏடிவிங்கறது வண்டிதானுங்களே, விளையாட்டு இல்லீங்களே" என்று பதில். அமெரிக்காவில் கால் முறிந்தால் ஆஸ்பத்திரி பில் நம்ம ஊர் வீட்டு விலையில் வரும். நாலு சக்கர சாகச வண்டி ஓட்டுதலுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எழுத்தில் கொடுக்கிற பாலிசி கிடைக்கும்வரை பணம் கட்டுவதில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது எங்கேயாவது ஏடிவி ஓட்டப் போனால், வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்த விதிவிலக்குப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

புதன்

அம்மாவிடம் இன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னோம். "ஏஞ்சாமி, மண்ணுல வண்டி ஓட்டறதுக்கா அத்தன தூரம் போறீங்கொ? நம்ம கொறங்காட்டுல ஓட்டுனா ஆகாதா?"

கொறங்காட்டில் ஏன் ஆகாது என்று யோசித்தால் பதில் சுவாரசியமாக இருக்கிறது. நம்ம மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளுவை வேலி காற்றைத் தடுக்கிறது. மண் நகர்வதில்லை, அதனால்தான் மாடு மேய்கிறது. அந்த ஓரிகான் கடற்கரையிலோ புல் வந்ததுதான் மேட்டுக்குக் கேடு. போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மணல் பறந்து ரோட்டையும் துறைமுக வாயையும் மூடுகிறது என்று ஐரோப்பியக் கடற்கரைப் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அது மணலைப் பிடித்துக் கடலோரமே ஒரு கரையை எழுப்பிவிட்டது. கடலிலிருந்து உள்ளே வரவேண்டிய மணல் அந்தக் கரையிலேயே நின்றுபோனது. கரைக்குப் பின்னால் காற்று மணலை வாரி வாரித் தரையை ஈரம்வரைக்கும் இறக்கியதில் அங்கே செடி கொடி முளைத்து, திறந்த மணல் வருஷா வருஷம் சுருங்கிவருகிறது. இப்போது நட்ட புல்லைப் பிடுங்க ஆள் போட்டிருக்கிறார்கள். மண்ணைப் பிடிக்கிற புல் நல்லதா கெட்டதா என்று அம்மாவிடம் கேட்டால், "மாடு திங்குமா அது?" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கரைக்குப் பின்னால் இருக்கிற தாழ்வான இடம் மழைக்காலத்தில் தண்ணீர் நின்று கொழகொழவென்று ஆகிவிடும், வண்டி புதைந்தால் எடுக்க முடியாது. செப்டம்பர் தேதியை நாங்கள் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இது. மழை பிடிப்பதற்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும். இன்னொரு காரணம் ஒரு பறவை. ஸ்னோயி பிளவர் என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கரைப்பறவை, காய்ந்த மணலில் சின்னக் குழி பறித்து முட்டை இடுகிறது. மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை அது கூடு கட்டுகிற கடற்கரைப் பகுதிகளில் வண்டிக்குத் தடை. செப்டம்பர் முதல் திங்கள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை, அதற்குப் பிறகு கூட்டமும் குறைந்துவிடும். எல்லாம் சேர்த்தால் 17, 18 தேதிக்கு மேல்தான் சரி.

"அப்ப பொரட்டாசி பொறந்துருமே," என்றார் வீட்டுக்காரம்மா. அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வியாழன்

பஞ்சர் கடையில் ஒரு சின்ன வேடிக்கை. ஏடிவி டயரில் காற்று எவ்வளவு என்று பேச்சு வந்தது. பைக் பின்டயருக்கு முப்பது சொச்சம் வைக்கிறவர், மணலில் நாலோ அஞ்சோதான் என்று கேட்டதும், "அது காத்து இல்லீங்க, பஞ்சருங்க" என்றார். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகப் பரந்து மணல்மேல் மிதக்கிறது, கூட்டினால் கத்தி மாதிரி இறங்குகிறது என்று சொன்னேன். தன் கேஜை எடுத்துக் காட்டினார், அதில் பத்துக்குக் கீழே கோடே இல்லை. குறைந்த அழுத்தம் அளக்க அவர்கள் தனிக் கேஜ் வைத்திருப்பார்கள். மேட்டுக்கென்றே பின்டயரில் துடுப்பு வரிசை வைத்த வகையும் உண்டு, மணலைப் பின்னால் அள்ளி வீசி வண்டியைத் தள்ளும். முதல்முறை போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

சாயங்காலம் நாலு பேரும் போனில் உட்கார்ந்து வழியை முடித்தோம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சியாட்டில், அங்கிருந்து காரில் போர்ட்லாண்ட். போர்ட்லாண்டிலிருந்து யூஜின் வந்து, மேற்கே மலையைத் தாண்டி ஃப்ளோரன்ஸ், பிறகு 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே. ரீட்ஸ்போர்ட் பக்கம் தங்கல். வந்து இறங்கிய அன்றைக்கே வண்டி எடுக்கலாம் என்பது மச்சினன் யோசனை, எங்கள் மூணு பேருக்கும் அது ஆகாது. முதல் நாள் நடை. ரீட்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே ஜான் டெல்லன்பேக் பாதை என்று ஒன்று, வண்டி வராத உயரமான மேடுகளின் நடுவே கடல்வரை போகிறது. முதலில் மேட்டில் காலால் ஏறி, சரிவில் காலால் இறங்கி, அதன் குணம் உடம்புக்குப் படட்டும். ஒரு மணிநேரம் ஏறினால் மச்சினனின் அவசரமும் தீர்ந்துவிடும்.

மறுநாள் காலையில் வழிகாட்டியோடு வண்டி. காலை என்று பிடிவாதம் பிடித்தது அக்கா மகன். சூரியன் தாழ இருந்தால் மேடுகளின் நிழல் நீளமாக விழும், எங்கே பள்ளம் எங்கே உச்சி என்று தெரியும். உச்சி வெயிலிலும் மேகம் மூடிய நேரத்திலும் எல்லாம் ஒரே வெளுப்பு, பத்து அடிப் பள்ளம்கூட சமதளமாகத் தெரியும். காற்றும் மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும். அதனால் பத்து மணிக்குள் ஓட்டம், மத்தியானம் ஓய்வு. மேகமூட்டம் என்றால் மெதுவாக, சந்தேகம் வந்தால் நின்றுவிடுவது.

வரிசையும் முடிவாயிற்று. முன்னால் வழிகாட்டி, அடுத்து வீட்டுக்காரம்மா, அடுத்து நான், பிறகு மச்சினன், கடைசியில் அக்கா மகன். உச்சிக்கு ஒருத்தர் போய் நின்று கை தூக்கின பிறகுதான் அடுத்தவர் ஏற வேண்டும். யாராவது புதைந்தால் எல்லோரும் சமதளத்தில் நிற்க வேண்டும், சரிவில் நிற்கக்கூடாது. "அக்காவுக்குப் பின்னாலதான் நானாங்க?" என்று மச்சினன் கேட்டார். ஆமாம் என்றோம்.

வெள்ளி

டிக்கெட் போட்டாயிற்று, செப்டம்பர் 17 கிளம்புகிறோம். புரட்டாசிக்கு ஏற்பாடு: காய்கறிச் சாப்பாட்டுக்கு அக்கா மகன் வீட்டு அரிசி பருப்பு, பிரஷர் குக்கர், கூடவே அம்மா அரைத்துத் தரும் பருப்புப் பொடி. ரீட்ஸ்போர்ட்டில் சமையலறை இருக்கிற அறையாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான். இன்சூரன்ஸுக்கு வேறு ஒரு இடத்தில் கேட்டதில், சாகச விளையாட்டுக்கான கூடுதல் பிரீமியம் கட்டினால் ஏடிவி என்று பெயர் போட்டே எழுதித் தருகிறார்கள். சாகசப் பாதுகாப்பு இல்லாத பாலிசியைவிட விலை கூடுதல்தான், கட்டிவிட்டேன்.

வண்டி வாடகைக்கான விண்ணப்பமும் மின்னஞ்சலில் வந்தது. ஒவ்வொருவர் வயது, உயரம், எடை, முன் அனுபவம். எடை பவுண்டில் கேட்டிருக்கிறார்கள், எந்த வண்டி யாருக்கு என்று அதை வைத்துத்தான் கொடுப்பார்களாம். முன் அனுபவம் என்ற இடத்தில் மச்சினன் "நடுத்தரம்" என்று எழுதச் சொன்னார், "இல்லை" என்று எழுதினேன். வீட்டுக்காரம்மா எடையை என்னிடம் சொல்லவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தானே அடித்து அனுப்பிவிட்டார்.